படுத்த உயரத்தில் ஒரு ஜன்னல்

கரூரிலிருந்து தெற்கே போகும் சாலையில், பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் இடத்தில், வஞ்சிக்கொடி கட்டி முடித்த கேரவன், ஆடிப்பெருக்கு அன்று காலை தார்ப்பாயை விலக்கிப் பார்த்தபோது ஒரு வில் வண்டியாக நின்றது. மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டும், கூண்டின் வாயில் தொங்கும் சலங்கையும், எண்ணெய் குடித்துக் கறுத்த நுகத்தடியும், ஏறுவதற்கு ஓர் இரும்புப் படியுமாக, எந்த மாட்டையும் எதிர்பார்க்காத அமைதியோடு அது நின்றது. முந்தைய நாள் மாலை, கடைசிப் பூச்சுக் காயட்டும் என்று, ஓரங்களில் ஒட்டிய தாளைக்கூட உரிக்காமல் அதை மூடிவைத்தவர்கள் வஞ்சிக்கொடியும் வெல்டர் மாரப்பனும்தான். ஆகவே அவள் வரைந்த வண்டியின் முழு முகத்தை அவள் உட்பட யாரும் பார்த்திருக்கவில்லை.

மாரப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"ஏனுங்க்கா, மாட்டை எங்கீங்க வாங்கறது?"

"மாடு அப்புறம். டேப்பைக் கொண்டா," என்றாள் வஞ்சிக்கொடி.

கோவையில் இயந்திரவியல் படித்துவிட்டு வந்து தன் பெயரிலேயே பட்டறை திறந்தவள் அவள். எது நடந்தாலும் முதலில் அளந்துவிட்டு அப்புறம் வியப்பது அவள் வழக்கம். அளந்து முடித்தபின் வியப்பதற்கு நேரம் இருக்காது என்பதால், அவள் வியந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வண்டியைக் கட்டச் சொன்னவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ரங்கநாயகி. தனக்காக அல்ல, தம்பி பொன்னுரங்கத்துக்காக. நாமக்கல் முட்டையை வடகோடி வரைக்கும், அசாம் தேயிலையைத் தென்கோடி வரைக்கும் லாரியில் கொண்டுபோனவர் பொன்னுரங்கம். ஒரு மழைநாளில் பாரத்தின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போய், அன்றிலிருந்து அக்காள் வீட்டு உள்ளறையில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர். முதுகுக்கு அணை கொடுத்து உட்காரலாம் என்று மருத்துவர் சொல்லி வருடங்கள் ஆயின. அவர் உட்காரவில்லை. "உக்காந்தா கை ஸ்டியரிங்கைத் தேடுதுக்கா," என்று ஒரே ஒரு தடவை காரணம் சொன்னார். டீச்சர் மறுபடி கேட்கவில்லை.

கட்டிலை அளப்பதற்காக வஞ்சிக்கொடி அந்த அறைக்குப் போனபோது அவர் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"வண்டியில உங்களுக்கு என்னென்ன வேணுமுங்கண்ணா?"

"எனக்கென்ன புள்ள வேணும்? எங்கக்காதான் என்னையத் தூக்கி ரோட்டுல போடோணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. ஒண்ணே ஒண்ணு வை. ஜன்னல். நான் படுத்திருக்கற உசரத்துக்கு வை. இருபது வருசம் ஓட்டுனேன், ரோட்டைத் தவிர ஒண்ணையும் பாக்கலே. ரோட்டுக்குப் பக்கத்துல என்னதான் இருந்துச்சுன்னு பாத்துட்டா அது போதும்."

"கொஞ்சம் உசத்தி வெச்சா உட்கார்ந்து பாக்கறதுக்கும் ஆகும்ல?" என்றார் டீச்சர்.

"உக்காந்தாத்தானே? இந்தாக்கா, ஒரு பேச்சுத்தான். ஆவணி முடியறதுக்குள்ள வண்டி கிளம்புச்சுன்னா வர்றேன். புரட்டாசி பொறந்துருச்சுன்னா இந்தப் பேச்சை அத்தோட விட்டுறோணும்."

தம்பி வாயிலிருந்து அத்தனை வருடங்களில் வந்த முதல் சம்மதம் அது என்பதால், டீச்சர் உடனே தலையாட்டிவிட்டார். வஞ்சிக்கொடி பொன்னுரங்கத்தின் கண்ணுக்கும் தரைக்கும் இடையே டேப்பைப் பிடித்து அளந்துகொண்டாள்.

இப்போது அந்த வண்டி வில் வண்டியாக நின்றது. மறுநாள் விடியலில் அது சங்க காலத்து உப்பு வணிகரின் பாரவண்டியாக இருந்தது. மரத்தைக் குடைந்த சக்கரமும், உப்பு மூட்டை வைக்கும் தட்டும், குழந்தை தூங்கும் தூளியும், நடுவழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக அடியில் கட்டிவைத்த இன்னோர் அச்சுமாக, குடும்பம் முழுவதும் ஏறிப் போவதற்கென்று அந்த மக்கள் யோசித்து யோசித்துச் செய்த வண்டி. மாரப்பன் குனிந்து அந்த மாற்று அச்சைத் தட்டிப் பார்த்து, "அந்தக் காலத்துலயே ஸ்டெப்னி வெச்சிருக்கானுங்க்கா," என்று தொழில் தெரிந்தவனைப் பாராட்டும் குரலில் சொன்னான். அதற்கடுத்த நாள், பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரியை எரித்து ஓட்டிய பஸ்ஸாக, முதுகில் ஓர் உலையைச் சுமந்துகொண்டு, நெற்றியில் தகரப் புருவத்தோடு நின்றது. பிறகு ஒரு நாள், பூவும் மயிலும் வரைந்து குஞ்சலம் கட்டிய சுற்றுலா வண்டி. பிறகு ஒரு நாள், யாருக்கும் பெயர் தெரியாத ஒன்று.

பெயர் தெரியாத அந்த வண்டியின் சுவர்கள் நுங்கின் சதையைப் போல வெளிச்சத்தை உள்ளே விட்டன. கை வைத்தால் கை வைத்த இடம் மட்டும் இளஞ்சூடானது. கூரையில் விழுந்த தூறலை அது குடித்துக்கொண்டு, ஒரு குழாய் வழியே தெளிந்த நீராகத் திருப்பிக் கொடுத்தது. அது இனிமேல் வரப்போகும் காலத்து வண்டி என்று முதலில் சொன்னவன் மாரப்பன்.

"எப்பிடிரா சொல்றே?"

"எங்க வெல்டு வெச்சிருக்கான்னே தெரியலீங்க்கா. இப்ப இருக்கறவன் எவனும் இப்பிடி மறைக்க மாட்டான்."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதல் வாரம் கூட்டம் கூடிப் பார்த்தது, இரண்டாம் வாரம் அதைக் கொண்டு தன் வேலையை நடத்திக்கொண்டது என்பதுதான் பதில். சாலை முக்கில் டீக்கடை வைத்திருக்கும் மயிலாத்தாவுக்குக் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் இளைப்பாறும் வண்டி. ஆகவே முதல் நாள் அவர் கேட்டது எந்த நடிகர் வருகிறார் என்பதைத்தான், நடிகர் யாரும் இல்லை என்று தெரிந்தபின் அந்த ஏமாற்றத்தில் வடிவம் மாறுவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கடையில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் இடத்தில் "இன்னைக்கு எந்தக் காலம்?" என்று கேட்கும் வழக்கம் வந்தது. எதிர்ப் பட்டறைக்காரர்கள் ஏணி போட்டு மதில்மேல் உட்கார்ந்து, வரப்போகும் காலத்து விளக்கைப் பார்த்து வரைந்து, ஒரு டவுன் பஸ்ஸின் நெற்றியில் பொருத்தினார்கள்; நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் கைகாட்டுவதற்கு முன்பே அந்த பஸ் நின்றுவிடுகிறது என்று நடத்துநர் குறைப்பட்டுக்கொண்டார். கல்யாண வீட்டார் வந்து முகூர்த்த நாளைச் சொல்லி, அன்றைக்கு வில் வண்டியாக இருக்குமா என்று விசாரித்தார்கள். வரலாற்று ஆசிரியர் ஒருவர் மாணவர்களை அழைத்து வந்தார். உப்பு வண்டி பற்றிப் பாடம் எடுக்க வந்தவருக்கு அன்று நுங்கு வண்டி வாய்த்ததால், வரலாறு எந்தப் பக்கம் போகிறது என்பதை விளக்க முடியாமல் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துத் திரும்ப அழைத்துப் போனார். நாய்கள் யாரையும் கேட்கவில்லை. எந்தக் காலத்து வண்டியானாலும் அதன் அடியில் நிழல் இருந்தது.

காரணம் பற்றியும் ஊருக்கு ஒரு முடிவு இருந்தது, அதை யாரும் சோதிக்கவில்லை. வேலை தொடங்கிய நாளில், இது வீடா வண்டியா என்று பட்டறைக்குள் ஒரு வழக்கு எழுந்தது. வீடென்றால் பால் காய்ச்ச வேண்டும், வண்டியென்றால் சக்கரத்தில் எலுமிச்சை நசுக்க வேண்டும். யார் மனமும் கோணக்கூடாது என்று வஞ்சிக்கொடி இரண்டையும் செய்யச் சொல்லிவிட்டாள். உள்ளே பால் பொங்கியது, கீழே எலுமிச்சை நசுங்கியது, தான் எதுவென்று அந்த வண்டிக்குப் பிடிபடவில்லை. "பாதி வீட்டுக்கும் பாதி வண்டிக்கும் பூசை போட்டா பொறக்கறது எப்பிடி இருக்கும்?" என்றார் மயிலாத்தா, டீயை ஆற்றிக்கொண்டே. அத்தோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று சான்று கொடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். உப்பு வண்டியாக இருந்த நாளில் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார். மறுநாள் அது சக்கரமே இல்லாமல் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. சுற்றிவந்து, குனிந்து, கையைக் கீழே விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, அவர் மறுபடி போனார். கரி பஸ்ஸாக இருந்த நாளில்தான் ஏறி உட்கார்ந்து, சாலையில் ஓட்டி, மிதித்து, நிறுத்தி, இறங்கினார்.

"பிரேக் நல்லாப் பிடிக்குதும்மா. பாஸ்."

"போட்டோவுல இருக்கற மாதிரி வண்டி இருக்காதுங்களே சார்?" என்றாள் வஞ்சிக்கொடி, எதையும் மறைக்கத் தெரியாதவளாக.

அவர் சட்டைப் பையிலிருந்து தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். அடர்ந்த சுருள்முடியும் ஒடுங்கிய கன்னமுமாக ஓர் இளைஞன் அதில் இருந்தான். "இது நானா? என்னை யாரும் மறிக்கலியே," என்று சொல்லிவிட்டு, வழுக்கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சட்டம் விட்ட வண்டியை டீச்சர் விடவில்லை. ஆவணி பாதி கடந்திருந்தது. ஒவ்வொரு காலையும் அவர் பட்டறைக்கு வந்து, அன்றைய வடிவத்தைச் சுற்றிவந்து, வாசலின் அகலத்தைக் கையால் முழம் போட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டார். ஒரு நாள் கட்டில் நுழையும் வாசல், மறுநாள் ஆள் குனிந்து நுழையும் வாசல்.

"அவன் உள்ளே படுத்திருக்கும்போது வண்டி சுருங்கிப்போச்சுன்னா நான் என்னம்மா செய்வேன்?"

வஞ்சிக்கொடி அதற்குள் எல்லா வடிவங்களையும் அளந்து பார்த்திருந்தாள். "சுருங்காதுங்க டீச்சர். கூரை மாறுது, சக்கரம் மாறுது, வாசல் மாறுது. ஜன்னல் மாறலே. வில் வண்டியில பாய்க்கு நடுவுல ஒரு திறப்பு இருந்துச்சு. உப்பு வண்டியில ரெண்டு மூட்டைக்கு நடுவுல ஒரு சந்து. நுங்கு வண்டியில அந்த இடத்துல மட்டும் சுவர் கண்ணாடியாத் தெளியுது. எல்லாம் ஒரே உசரம், அண்ணன் படுத்திருக்கற உசரம். ஒரு நூல்கூடப் பிசகலே. எந்தக் காலத்து வேசத்தைப் போட்டாலும் அது அவருக்கான வண்டிங்க."

"ஜன்னல் நிலையா இருந்து என்னம்மா பண்றது? வண்டி நிலையா இல்லையே."

டீச்சர் வருத்தத்தில் சொன்ன அந்தச் சொல்லைத் தெரு பிடித்துக்கொண்டது. நிலை! வீடென்றால் முதலில் நிலை வைப்பார்கள். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் பூசி, நவதானியம் போட்டு, வாசலுக்கு மரச்சட்டம் நிறுத்திய பிறகுதான் சுவர் எழும். இந்த வண்டியில் கதவு வைத்தார்கள், நிலை வைக்கவில்லை. நிலை வைக்காதது எப்படி நிலைக்கும்? அன்று மாலைக்குள் தச்சர் ஒருவர் வேங்கை மரத்தில் நிலைச்சட்டம் இழைக்கத் தொடங்கிவிட்டார். ஆவணியின் கடைசி முகூர்த்தம் குறிக்கப்பட்டது. நிலை வைக்கும் நாளில் வண்டி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே அது என்றைக்கும் நின்றுவிடும் என்பதில் தெருவுக்குச் சந்தேகம் இல்லை. ஆகவே எந்த வடிவம் என்ற வழக்குத் தொடங்கியது. பட்டறைக்காரர்கள் நுங்கு வண்டி வேண்டும் என்றார்கள், நின்று நிதானமாகப் பார்த்துச் செய்யலாம் என்பதற்காக. மயிலாத்தா வில் வண்டி என்றார், சலங்கைச் சத்தம் வியாபாரத்துக்கு நல்லது என்பதற்காக. டீச்சர் எதுவானாலும் அகலமான வாசல் என்றார்.

முகூர்த்த நாள் விடிந்தபோது அது நுங்கு வண்டியாக இருந்தது. இதுவரை வந்த எல்லா வடிவங்களிலும் அழகானது. வாசல் இரு கட்டில்கள் சேர்ந்து நுழையும் அகலம். படி தானாகவே நாக்கைப் போல நீண்டு தரையைத் தொட்டது. எதிர்ப் பட்டறைக்காரர்கள் கைதட்டினார்கள். தச்சர் நிலைச்சட்டத்தை நிமிர்த்தினார். வீட்டுக்கு உரியவர் கைதொட்டு வைக்க வேண்டும் என்பதால், பொன்னுரங்கத்தைக் கட்டிலோடு டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து, நான்கு பேர் தூக்கி வண்டியின் முன்னால் வைத்தார்கள். வெயிலைப் பார்த்து நெடுநாள் ஆன கண்களைச் சுருக்கிக்கொண்டு அவர் வண்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மஞ்சள் பூசிய மரத்தைப் பார்த்தார்.

"இது எதுக்குடா மாரப்பா?"

"நிலைங்கண்ணா. இதை வெச்சுட்டா வண்டி நிலைச்சுருமுங்க. அப்புறம் மாறாது."

"யார்ரா மாற வேண்டாம்னது?"

டீச்சர் முன்னால் வந்தார். "நான்தான்டா. உனக்கு ஒண்ணு ஆயிடக்கூடாதுன்னுதான்."

"அக்கா, நிலை வெச்சா அது வீடு. வீட்டுலதானே இத்தனை வருசமாக் கெடக்கறேன்?" பொன்னுரங்கம் கையை ஊன்றித் தலையைக் கொஞ்சம் உயர்த்தினார். "தேருக்கு நிலை எங்கடா இருக்குது? கதவுலயா இருக்குது? ஊரெல்லாம் சுத்திட்டு வந்து நிக்கற எடத்துல இருக்குது. நான் அவ்வளவு லாரி ஓட்டியிருக்கேன், நிலை வெச்ச லாரி ஒண்ணைக்கூடப் பாத்ததில்லே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்ததால் தச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அப்ப இந்த மரத்தை நான் என்னங்க பண்றது? வேங்கைங்க இது."

"பட்டறை வாசல்ல நட்டு வைங்க. போய்ட்டு வந்து அதுல நிக்கறோம்."

நிக்கறோம் என்றார். டீச்சர் நாற்பது வருடம் தன்மைப் பன்மை கற்பித்தவர். அந்தச் சொல் தன்னையும் தம்பியையும் வண்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டதை அவர் காது தவறவிடவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, தூக்குங்கள் என்று நான்கு பேரையும் பார்த்துச் சைகை செய்தார். கட்டில் உள்ளே போனது. மாரப்பன் ஓட்டும் இருக்கையில் ஏறினான். நல்ல நேரம் முடிவதற்குள் பட்டறை வாசலில் வேங்கை நிலை நிமிர்ந்து நின்றது, அதன் நடுவே வண்டி வெளியே போனது, மயிலாத்தா ஒரு பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். அது வீட்டுக்கா வண்டிக்கா என்று இம்முறை யாரும் கேட்கவில்லை.

புரட்டாசி முழுவதும் தெரு அந்த வண்டியைத் தொலைபேசியில் பின்தொடர்ந்தது. ஒரு சுங்கச் சாவடியில், மாடு இல்லாமலே ஓடினாலும், அன்று வில் வண்டியாக இருந்ததால் கட்டணமில்லை என்று விட்டுவிட்டார்கள். அடுத்த சாவடியில் அது தரையைத் தொடாமல் போனதால் என்ன வகையில் சேர்ப்பது என்று பேசிப் பேசி, பின்னால் வரிசை நீண்டபோது வழிவிட்டார்கள். ஒரு கிராமத்தில் உப்பு வண்டியைப் பார்த்த பெண்கள் உழக்கைக் கொண்டுவந்து உப்பு கேட்டார்களாம், டீச்சர் ஊறுகாய்க்கு வைத்திருந்ததை அளந்து கொடுத்தாராம். பொன்னுரங்கம் வஞ்சிக்கொடியைத் தானே கூப்பிட்டுப் பேசினார்.

"தொப்பூர் எறக்கம் இருக்குதுல்ல புள்ள? ஆயிரம் தடவை எறங்கியிருக்கேன், பிரேக்குலதான் உசுரு இருக்கும். பக்கத்துல என்ன இருக்குது தெரியுமா? அம்புட்டும் மலை. பச்சை மலை. குரங்கு குட்டிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது."

"ஜன்னல்ல நல்லாத் தெரியுதுங்களாண்ணா?"

"தெரியுது. குரங்குக்கு மேல இருக்கறது தெரியலே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஐப்பசியின் முதல் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வண்டி திரும்பி வந்தது. மாரப்பன் பின்பக்கமாக ஓட்டி, வேங்கை நிலையின் இரு கால்களுக்கு நடுவே, ஒரு விரல் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்தினான். டீக்கடையிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு ஓடிவந்தார்கள், இன்றைக்கு எந்தக் காலம் என்று பார்க்க. வெள்ளையும் இளநீலமுமான அந்த வண்டியை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஓரங்களில் தாளை உரித்த கோடு கூர்மையாக இருந்தது. நெற்றி மெல்லச் சரிந்து, பக்கங்கள் நேராக இறங்கி, தேவைக்கு மேல் ஒரு வளைவும் இல்லாமல் நின்றது.

வஞ்சிக்கொடிக்குத் தெரிந்தது. அது அவள் வரைந்த வண்டி. இவ்வளவு காலமும் எல்லாக் காலங்களும் வந்து போன இடத்தில், அவளுடைய காலம் கடைசியாக வந்து நின்றிருந்தது, சுமாராக இல்லை, நன்றாகவே இருந்தது. அவள் டேப்பை எடுத்தாள். நீளம் சரி. உயரம் சரி. வாசல் சரி. ஜன்னலில் டேப்பை வைத்துப் பார்த்து, எடுத்து, மழைநீரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். எந்த வடிவத்திலும் ஒரு நூல் பிசகாத ஜன்னல் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

கண்ணாடி நகர்ந்தது. உள்ளே தலையணைகளில் முதுகைச் சாய்த்து, நிமிர்ந்து, அவள் முகத்துக்கு நேராக முகம் இருக்கும்படி பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன புள்ள, வந்ததும் வராததுமா டேப்பா?"

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டாள். "கை ஸ்டியரிங்கைத் தேடலீங்களாண்ணா?"

"தேடுச்சு. ஜன்னல் கம்பி கெடச்சுது, புடிச்சுக்கிட்டேன்," என்றார் அவர். பின்னாலிருந்து டீச்சரின் குரல், நனைகிறவளை உள்ளே வந்து காபி குடிக்கச் சொன்னது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வஞ்சிக்கொடி முதலில் பட்டறைக்குள் போனாள். மேசைமேல் இருந்த வரைபடத்தை விரித்து, ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஜன்னலின் கோட்டை மட்டும் அழித்து, ஒரு சாண் மேலே வரைந்தாள்.